கொடுத்துத் தீர்த்தல்

ஆங்கிலத்தில் பணம் கைமாறுவதைக் குறிக்கும் சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஏதாவதொரு தராசின் முன்னால் போய் நிற்போம். ‘ஸ்பெண்ட்’ என்ற சொல் லத்தீனின் ‘பெந்தெரே’ வழி வந்தது. தொங்கவிடுதல், அதாவது தட்டில் வைத்து நிறுத்தல் என்று பொருள். உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்தின் மிச்சம் அது. பவுண்டு, பென்ஷன், ஸ்டைபெண்ட் எல்லாம் அதே குடும்பம். தராசை விட்டால் எண்ணிக்கை. பணம் கொடுப்பதற்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் வினை, எண்ணைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. வங்கிக் கவுண்டரில் நோட்டை எண்ணிக் கொடுப்பவரை ஆங்கிலம் ‘டெல்லர்’ என்பதும் அந்த உறவில்தான். பழைய ஆங்கிலத்தில் சொல்லுவதற்கும் எண்ணுவதற்கும் ஒரே வினை. நிறுப்பவரின் கண் தட்டின் மேல் இருக்கிறது, எண்ணுபவரின் கண் விரல்களின் மேல். எதிரே நிற்பவர் யாரென்று இந்தச் சொற்களுக்கு அக்கறையில்லை.

‘பே’ இந்தக் கூட்டத்தில் சேராது. ஆங்கிலம் படிக்காதவர்கூட இன்று ஒரு நாளைக்கு நாலு தடவை உச்சரிக்கும் சொல் அது. டீக்கடையில் “ஜிபே இருக்காண்ணே?” என்று கேட்கிறோம், கடைக்காரர் பாலை ஆற்றியபடியே முழங்கையால் அட்டையைக் காட்டுகிறார். அந்த ஓரெழுத்தின் அடியில் தராசு இல்லை, எண் இல்லை, நாணயமும் இல்லை. இருப்பது ஒரு மனிதர். கோபமாக இருக்கிறார். அவரை அமர்த்தியாக வேண்டும்.

லத்தீனில் ‘பாக்ஸ்’ என்றால் சமாதானம். ஆங்கிலத்தின் ‘பீஸ்’ அதிலிருந்து வந்ததுதான். பாக்ஸிலிருந்து ‘பாக்காரே’ என்றொரு வினை கிளைத்தது: அமர்த்து, அடக்கு, சமாதானப்படுத்து. பிற்கால லத்தீனில் இந்த வினை ஒரு குறிப்பிட்ட ஆளைச் சுற்றி வரத் தொடங்கியது. கடன் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறாரே, அவர்தான். அவர் வாய் ஓயும்படி செய்வதே பாக்காரே. எதைக் கொடுத்து ஓய வைக்கிறோம் என்பது இரண்டாம் பட்சம். பழைய பிரெஞ்சில் இது ‘பையேர்’ என்று தேய்ந்தது. இங்கிலாந்தை நார்மன்கள் பிடித்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனபின், 1200 வாக்கில், ஆங்கிலத்துக்குள் குடிவந்தது. வரும்போது இரண்டு பொருளையும் சுமந்துகொண்டு வந்தது: பணம் கொடு என்பது ஒன்று, மனம் குளிரச் செய் என்பது மற்றொன்று.

சொல்லாராய்ச்சிக் கதைகளில் பாதி கட்டுக்கதை. ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பாகவே கூலி அளந்தார்கள், அதனால்தான் சம்பளத்துக்கு ‘சாலரி’ என்று பேர் என்பதைப் பள்ளிக்கூட நாட்களிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல்லுக்கும் உப்புக்கும் உறவு உண்டு; சிப்பாய்க்கு உப்பை அளந்து போட்டதாகப் பழைய சான்று ஒன்றும் இல்லை. ‘பே’ விஷயத்தில் அந்தச் சங்கடம் கிடையாது. இதன் உடன்பிறப்புகள் இன்னும் உயிரோடிருந்து சாட்சி சொல்கின்றன. இத்தாலியத்தில் பணம் கொடுப்பது ‘பகாரே’. அதன் தலையில் ஓர் அசையைச் சேர்த்தால் மனநிறைவளிப்பது என்றாகிவிடும். ஸ்பானியத்தில் தற்பெருமையில் பூரித்துப்போன ஆளை, தனக்குத்தானே பணம் பட்டுவாடா ஆகிவிட்டவர் என்று தோன்றும்படியான ஒரு தொடரால் கிண்டல் செய்கிறார்கள். பழைய பொருளில் அவர் தன்னைக் கண்டே திருப்தி அடைந்தவர், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த சாட்சி ருமேனியம். அங்கே இந்த வேரில் முளைத்த வினைக்குப் பணத்தோடு சம்பந்தமே இல்லை. சண்டை போட்ட இருவரைச் சேர்த்துவைப்பது மட்டுமே அதன் வேலை. பணம் கொடுப்பதற்கு ருமேனியர்கள் ஸ்லாவ் மொழியிலிருந்து வேறொரு சொல்லை வாங்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் கேட்டு மனம் உருகுவதற்கு முன்னால் பாக்காரேயின் இன்னொரு தொழிலையும் சொல்லிவிட வேண்டும். ஜூலியஸ் சீசர் கால் தேசத்தை வென்றடக்கியதைத் தன் போர்க் குறிப்புகளில் எழுதும்போது கையாளும் வினை இதுவேதான். எரித்து, அடிமைகளாக விற்று, தலைவர்களை ஒழித்த பின் அந்த நாடு ‘சமாதானப்படுத்தப்பட்டது’. ரோமானியக் காதுக்கு அமைதி என்பது எதிராளியின் சம்மதம் இல்லாமலே கிடைக்கக்கூடிய ஒன்று. ‘பே’ என்ற சொல்லின் பிறப்பிலேயே இந்த இரட்டைத்தன்மை இருக்கிறது. கொடுத்து அமர்த்தலாம், மிதித்தும் அமர்த்தலாம். பின்னாளில் ஆங்கிலத்தில் ஒருவரை நையப் புடைப்பதற்கும் பழிதீர்ப்பதற்கும் இதே வினை பயன்பட்டிருக்கிறது. ‘பேபேக்’ என்று இன்றும் சினிமாத் தலைப்புகளில் அந்தப் பொருள் உலவுகிறது. (மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் தார் பூசுவதற்கும் ஆங்கிலத்தில் ‘பே’ என்றுதான் சொல்வார்கள். அது தாரைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்த வேறொரு வினை. உருவம் மட்டும் ஒன்று.)

ரோமானியச் சட்டம் பேசியவர்கள் கடனடைப்பதற்கு பாக்காரே என்று சொல்லவில்லை. அவர்களுடைய சொல் ‘சோல்வெரே’: அவிழ்த்துவிடுதல். காரணம் வெளிப்படையானது. ஆதி ரோமில் கடன்பட்டவர் தன் உடலையே பிணையாக வைத்தார். திருப்பித் தராவிட்டால் கடன்காரரின் வீட்டில் கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான். கி.மு. 326இல் ஒரு சட்டம் வந்து இந்த வழக்கத்தை ஒழித்ததாக லிவி எழுதுகிறார். கட்டு ஒழிந்த பின்னும் அவிழ்த்தல் என்ற சொல் நிலைத்துவிட்டது; கடனை அடைக்கத் திராணியுள்ள கம்பெனியை ‘சால்வென்ட்’ என்கிறபோது அந்தக் கயிற்றைத்தான் தொடுகிறோம். பாக்ஸின் வேரோ நேர் எதிர்த் திசையில் போகிறது. அதன் இந்தோ-ஐரோப்பிய மூலத்துக்கு முளையடித்தல், இறுக்கிக் கட்டுதல் என்று பொருள் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தைக் குறிக்கும் ‘பேக்ட்’ அதே வேர்தான். சமாதானம் என்பது தானாக வந்து படியும் நிம்மதி என்று அவர்கள் நினைக்கவில்லை. இரு தரப்பும் சேர்ந்து நடும் முளை. ஆக, சட்டத்தின் சொல் அவிழ்க்கிறது, சந்தையின் சொல் கட்டுகிறது. தமிழிலும் நாம் பணத்தைக் கட்டுகிறோம், கடனைத் தீர்க்கிறோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறோம்.

இரண்டில் சந்தையின் சொல்லே பிழைத்தது. பிரெஞ்சு, ஸ்பானியம், போர்ச்சுகீசியம், கத்தலான், இத்தாலியம் என்று லத்தீனின் பிள்ளைகளில் பலரும் சோல்வெரேயைக் கைவிட்டு பாக்காரேயைக் குடும்பச் சொத்தாக எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. பேரரசு சரிந்து நீதிமன்றங்கள் தொலைவாகிப் போன நாட்களில், கடன் அடைபட்டதா இல்லையா என்று முடிவு செய்ய எழுதப்பட்ட விதி எங்கும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. கடன் கொடுத்தவர் வாயைத் திறந்து ‘போதும்’ என்றால் தீர்ந்தது. அவர் ‘போதும்’ என்று சொல்லாதவரை, எத்தனை நாணயம் கைமாறியிருந்தாலும் தீரவில்லை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? கெண்ட் நாட்டை ஆண்ட ஏத்தல்பெர்ட் என்ற அரசர் 600ஆம் ஆண்டையொட்டி ஒரு சட்டத் தொகுப்பை எழுதவைத்தார். ஆங்கில மொழியில் கிடைக்கும் மிகப் பழைய சட்டம் அதுதான். 12ஆம் நூற்றாண்டில் ராச்செஸ்டர் தேவாலயத்தில் படியெடுத்த ஒரே ஒரு பிரதியில் அது தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் ஒரு பெரும்பகுதி மனித உடம்பின் விலைப்பட்டியல் போலிருக்கும். கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங், கட்டைவிரல் நகத்துக்கு 3, நடுவிரலுக்கு 4, மோதிரவிரலுக்கு 6. சுண்டுவிரலுக்கு 11. படிக்கிறவர் இங்கே நிற்பார்: சுண்டுவிரலுக்கு எதற்கு இத்தனை? வாளோ மண்வெட்டியோ பிடித்த கைகளுக்கு விடை தெரிந்திருக்கும். காம்பின் அடிப்பிடியை நழுவாமல் இறுக்குவது அந்த விரல்தான்.

ஒரு சுதந்திரக் குடியானவரைக் கொன்றால் 100 ஷில்லிங். அதைக் கொடுக்க வேண்டிய முறையைச் சட்டம் சொல்லும் இடம் என்னைப் பல நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் 20 ஷில்லிங்கை மூடாத சவக்குழியின் முன்னால் கொடுக்க வேண்டும். மிச்சத்தை 40 இரவுகளுக்குள். கொன்றவர் நாட்டை விட்டு ஓடிப்போனால் அவருடைய சொந்தபந்தங்கள் பாதியைக் கட்டியாக வேண்டும். யோசித்துப் பாருங்கள். உடல் குழிக்குள் இருக்கிறது, மண் தள்ளவில்லை. செத்தவரின் அண்ணன் தம்பிகள் சுற்றி நிற்கிறார்கள், ஒவ்வொருவர் இடுப்பிலும் கத்தி. கொன்றவர், அல்லது அவருடைய ஆட்கள், காசோடு அந்த வட்டத்துக்குள் நடந்து வர வேண்டும். இப்படி ஒரு விதியை எழுதியவருக்குப் பணத்தின் பெறுமதி பற்றிய கவலை இருந்திருக்க முடியாது. குழி மூடுவதற்குள் முதல் தவணை வராவிட்டால் இன்னொரு குழி தோண்ட வேண்டி வரும் என்பதுதான் கவலை.

அந்தச் சட்டத்தில் கொடுப்பதற்கு வரும் வினை, இன்று விளைச்சலுக்கும் பணிந்துபோவதற்கும் ஆங்கிலம் சொல்லும் ‘யீல்டு’ என்பதன் மூதாதை. பணத்துக்கு ஜெர்மானியர் சொல்லும் ‘கெல்ட்’, கைவினைஞர் கூட்டமைப்பான ‘கில்டு’ இரண்டும் அதன் சுற்றம். கேம்பிரிட்ஜின் நாணயவியல் அறிஞர் ஃபிலிப் கிரியர்சன் பணத்தின் தோற்றம் பற்றி 1977இல் வெளியிட்ட சிறுநூலில் ஒரு யோசனையை முன்வைத்தார். பண்டமாற்றின் அசௌகரியத்தால் பணம் பிறந்தது என்று பொருளாதாரப் பாடநூல்கள் சொல்லிவருகின்றன அல்லவா, அதற்குப் பதிலாக இப்படிப்பட்ட உயிர்விலைப் பட்டியல்களில்தான் மதிப்பை அளக்கும் பழக்கமே தொடங்கியிருக்கும் என்றார் அவர். சந்தையில் எதற்கு எது ஈடு என்பதை இருவர் பேசி முடித்துக்கொள்ளலாம், படியாவிட்டால் எழுந்து போகலாம். உடைந்த பல்லுக்கும் போன உயிருக்கும் அப்படி எழுந்து போக வழியில்லை. ஊர் கூடி ஒரு தொகையை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும். கிரியர்சனின் கருத்தை நிரூபிப்பது கடினம், ஆனால் பாடநூல் கதையைவிட இதில் மனிதர்கள் மனிதர்களாக இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு இணை தேடுபவர்களுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வேட்டைக்குப் போனபோது அம்பு தவறி ஒருவர் மேல் பட்டு அவர் இறந்துபோன செய்தியைச் சொல்லும் கல்வெட்டுகள் பல. ஊரார் கூடி விசாரித்து, கொலை நோக்கம் இல்லையென்று கண்டு, கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்கும்படி தீர்ப்பளிப்பார்கள். ஒரு விளக்குக்கு வழக்கமான கணக்கு 96 ஆடு, ‘சாவா மூவாப் பேராடு’. இதுவும் உயிருக்கு ஈடாகக் கொடுத்ததுதான். கெண்டில் கொடுத்தது குழியைச் சுற்றி நின்ற பங்காளிகளிடம். இங்கே கொடுத்தது தெய்வத்திடம். செத்தவரின் பேரில் விளக்கு எரிகிறது. அவருடைய மனைவி மக்களுக்கு ஆட்டுப் பால்கூட வந்திருக்காது. யாரை அமர்த்த வேண்டும் என்று ஒரு சமூகம் நினைக்கிறதோ அவரிடம்தான் அது கொடுக்கிறது.

கெண்டிலும் அரசர் சும்மா நிற்கவில்லை. குடியானவரைக் கொன்றால் சுற்றத்தாருக்குக் கொடுப்பது போக, அரசருக்குத் தனியாக 50 ஷில்லிங் என்று அதே சட்டம் சொல்கிறது. அடுத்த ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளின் கதை, அந்த 50 எப்படி வளர்ந்து முழுத் தொகையையும் விழுங்கியது என்பதுதான். நார்மன் ஆட்சியில் ‘அரசரின் சமாதானம்’ என்ற கருத்து கொஞ்சம் கொஞ்சமாக நாடு முழுக்கப் படர்ந்தது. ஒருவர் இன்னொருவரை வெட்டினால் அது அந்த இரண்டு குடும்பங்களின் விவகாரமாக இருந்தது போய், அரசரின் அமைதியைக் குலைத்த குற்றமாக மாறியது. 1166இல் இரண்டாம் ஹென்றியின் கிளாரண்டன் ஆணை, ஊருக்கு ஊர் ஆட்களை நிறுத்திக் கொலைகாரர்களையும் கொள்ளையர்களையும் அரசரின் நீதிபதிகள் முன் பேர் சொல்ல வைத்தது. குற்றவாளிக்குத் தண்டனை, அவருடைய உடைமை அரசருக்கு. செத்தவரின் வீட்டுக்கு ஒன்றுமில்லை. உயிர்விலை கொடுத்துப் பகை முடிக்கும் பழைய வழக்கம் 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மங்கி மறைந்தது.

மேலே சொன்ன 1200 என்ற ஆண்டை இப்போது திரும்பப் பாருங்கள். காயப்பட்டவரின் மனத்தைப் பணத்தால் ஆற்றும் நடைமுறையைச் சட்டம் கைகழுவிவிட்ட அதே சமயத்தில், மனத்தை ஆற்றுதல் என்ற பொருளை வேரில் வைத்திருந்த சொல் ஆங்கிலத்துக்குள் நுழைகிறது. தற்செயல்தான். ஆனாலும் இந்தத் தற்செயலை வைத்துப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு அப்புறம் நேர்ந்தது விளங்குகிறது. சமாதானத்துக்கு ஆங்கிலேயர் அதுவரை வைத்திருந்த ‘ஃப்ரித்’ என்ற சொல்லும் இதே காலத்தில்தான் பிரெஞ்சு வரவுக்கு இடம்விட்டு ஒதுங்கத் தொடங்கியது. சமாதானமும் பணங்கொடுத்தலும் ஆட்சியாளர்களின் மொழியிலிருந்து ஒரே கப்பலில் வந்திறங்கிய சகோதரச் சொற்கள். கரையேறியதும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.

மன்னரோடு சமாதானம் பண்ணிக்கொள்வது மட்டும் நல்ல வியாபாரமாக நடந்தது. அபராதத்துக்கு ஆங்கிலம் சொல்லும் ‘ஃபைன்’, நிதிக்குச் சொல்லும் ‘ஃபைனான்ஸ்’ இரண்டும் முடிவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தவை. ஒரு தகராறை முடித்துக்கொள்ளக் கொடுப்பதுதான் ஃபைன். ஜான் மன்னரின் காலத்தில் இதற்கென்றே சுருள் சுருளாகத் தோல் ஏடுகள் இருந்தன. மன்னரின் கோபம் தணிய இவ்வளவு, மன்னரின் நல்லெண்ணத்தைப் பெற இவ்வளவு என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். 1204ஆம் ஆண்டுப் பதிவொன்று பிரசித்தம்: ஹ்யூ டி நெவில் என்ற அதிகாரியின் மனைவி, தன் கணவரோடு ஓரிரவு கழிப்பதற்காக மன்னருக்கு 200 கோழிகள் தர ஒப்புக்கொள்கிறார். கேலியா, கண்ணீரா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எதுவாக இருந்தாலும், கோழிகள் போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

கருவூலத்தின் வருடாந்தரக் கணக்குச் சுருள்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது 1130ஆம் ஆண்டுக்குரியது. மாவட்ட அதிகாரி தான் கட்ட வேண்டியதைக் கட்டி முடித்ததும் எழுத்தர் கடைசியில் ஒரு லத்தீன் வாக்கியத்தைச் சேர்ப்பார்: இவர் அமைதியடைந்தார், அதாவது விடுபட்டார். அந்தச் சொல்லிலிருந்துதான் மௌனத்துக்கான ‘கொயட்’, விட்டு விலகும் ‘குவிட்’, நீதிமன்றம் விடுதலை செய்யும் ‘அக்விட்’ எல்லாம் கிளைத்தன. ஷேக்ஸ்பியர் ஹேம்லட்டின் தற்கொலை யோசனைக்குள் இந்தக் கணக்குப்பிள்ளைச் சொல்லைக் கொண்டுபோய் வைத்தார். இங்கே ஒரு திருப்பத்தைக் கவனிக்க வேண்டும். பாக்காரேயில் அமைதியடைய வேண்டியவர் வாங்குபவர். கருவூலத்தின் வாக்கியத்தில் அமைதியடைகிறவர் கொடுத்தவர். வாங்கிக்கொண்ட பக்கம் மன்னர். அவருடைய மனநிலையைக் கணக்கில் எழுதும் வழக்கம் இல்லை.

அந்தக் கருவூலத்தில் ரசீதாகப் பயன்பட்டது மரக்குச்சி. தொகைக்குத் தக்கபடி வெட்டுக்குறி போட்டு, குச்சியை நெடுக்காகப் பிளந்து, ஆளுக்கொரு பாதி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கணக்கு சரி. 1826இல் இந்த முறையை ஒழித்தார்கள். தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது தீ கட்டுமீறிப் பரவி, இரண்டு அவைகளும் சாம்பலாயின. தீர்ந்துபோன கடன்கள் எழுநூறு ஆண்டு கழித்தும் இப்படித் தீயாக வரும் என்று யார் கண்டது.

சொல்லுக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டின் சாசர் கவிதைகளில் ‘பே’ இன்னும் மனநிறைவைக் குறிக்கிறது. நன்றாகத் திருப்தியடைந்தவரும் மோசமாக அதிருப்தியடைந்தவரும் அந்தச் சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். 1500ஐ நெருங்கும்போது அந்தப் பொருள் செத்துவிட்டது. அதோடு இலக்கணமும் மெல்ல இடம் மாறியது. ஆரம்பத்தில் இந்த வினையின் செயப்படுபொருள் ஆள்: கடன்காரரை, பணத்தைக் கொண்டு, அமர்த்து. பின்பு செயப்படுபொருள் பணம்: பணத்தை, கடன்காரருக்கு, கொடு. அதற்கும் பின்பு பில்லையே, வரியையே, வாடகையையே ‘பே’ பண்ணலாம் என்றாயிற்று. ஆள் இல்லாமலே வாக்கியம் முழுமையடைந்துவிடுகிறது. இரண்டாம் வேற்றுமையிலிருந்து நான்காம் வேற்றுமைக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டவர் நாம் முதலில் பார்த்த அந்தக் கோபக்காரர்.

டீக்கடைப் பெட்டி ஒரு பெண்குரலில் “இருபது ரூபாய் பெறப்பட்டது” என்று அறிவிப்பதை இதற்கு உதாரணமாகக் காட்டி ஒப்பாரி வைக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது ரூபாய் டீக்கு யாரும் யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. கடைக்காரர் பாலை ஆற்றட்டும். ஆள் அகன்றுபோனதால் பெரிய நன்மைகளும் விளைந்தன. கொடுத்துவிட்டேன், ரசீது இருக்கிறது, இனி உன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை என்று ஒரு குத்தகைக்காரரோ கூலியாளோ சொல்ல முடிந்தது. கடன் கொடுத்தவரின் மனம் நிறைவதுதான் அளவுகோல் என்றால் அந்த மனம் எப்போது நிறையும்? வட்டிக்கு வாங்கியவர்களைக் கேட்டால் தெரியும். தமிழில் ‘கணக்கை பைசல் பண்ணிவிட்டேன்’ என்கிறோம். பைசல் என்பது தீர்ப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து கோர்ட்டுக் கச்சேரி வழியாக நமக்கு வந்தது. மூன்றாவது ஆள் ஒருவர் முடிவு சொன்னால் போதும், எதிராளி முகம் சுளித்தாலும் கணக்கு முடிந்தது என்பது அதற்குள் இருக்கும் ஏற்பாடு. எளியவர்களுக்கு அது பாதுகாப்புதான்.

பாதுகாப்பு வேண்டியவர் வாங்கும் பக்கம் நிற்கும்போதுதான் தகராறு. எபிரேயத்தில் ‘ஷாலோம்’ என்ற சமாதானமும் பணம் கொடுப்பதற்கான வினையும் ஒரே மூன்றெழுத்து வேர். முழுமை என்பது அந்த வேரின் பொருள். பிறருடைய மாட்டைத் திருடியவரும் தீ வைத்து வயலை அழித்தவரும் ஈடுகட்ட வேண்டும் என்று விவிலியத்தின் யாத்திராகமத்தில் வரும் சட்டங்களிலும் இந்த வினைதான். குறைந்துபோனதை நிறைத்துக் கொடு. அப்படி நிறைக்க முடியாத குறை என்றால்?

1984 டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. அடுத்த ஆண்டு இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவரின் சார்பிலும் வழக்காடும் உரிமையை மத்திய அரசுக்கே கொடுத்தது. ஏழைகளால் அமெரிக்கக் கம்பெனியோடு தனித்தனியே மோத முடியாது என்ற காரணம் நியாயமானது. அரசு கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவானது 47 கோடி டாலர். எல்லாக் கோரிக்கைகளும் அதோடு தீர்ந்தன; போதாததற்கு, குற்றவியல் வழக்குகளும் அதோடு ரத்து. மூச்சு முட்டி எழுந்து ஓடியவர்களும் பிணங்களை அடையாளம் காட்டியவர்களும் அந்த உடன்பாட்டில் ஒரு தரப்பாக உட்காரவில்லை. அவர்களுக்காகச் சமாதானம் ஆனவர் அரசு. இரண்டாம் ஹென்றியின் நீதிபதிகளுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றியிருக்காது.

போபாலின் தெருக்களிலிருந்து, குறிப்பாகப் பெண்களிடமிருந்து, கிளம்பிய எதிர்ப்புக்குப் பின் 1991 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தன் உத்தரவை மறுபடி பார்த்தது. தொகையை அப்படியே விட்டது. குற்ற வழக்குகளை ரத்து செய்த பகுதியை மட்டும் திரும்பப் பெற்றது. பணம் வந்ததாலேயே எல்லாம் அடங்கிவிட வேண்டும் என்று சொல்ல முடியாது என்பதை நீதிமன்றம் அந்த ஒரு விஷயத்தில் ஒப்புக்கொண்டதாக இதை வாசிக்கலாம். கூடுதல் இழப்பீடு கேட்டு மத்திய அரசே பிற்பாடு ஒரு சீராய்வு மனு போட்டது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2023 மார்ச் 14 அன்று அதைத் தள்ளுபடி செய்தது. மோசடி நடந்ததாகக் காட்டினாலொழிய முடிந்த உடன்பாட்டைத் திறக்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது பிசகில்லாத வாதம். முடித்துக்கொண்ட கணக்கை ஒரு தரப்பு நினைத்தபோதெல்லாம் பிரிக்கலாம் என்றால் யாரும் எதையும் முடிக்கவே மாட்டார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு குறிப்பும் உண்டு. இழப்பீட்டுப் பணத்தில் 50 கோடி ரூபாய் ரிசர்வ் வங்கியில் இன்னும் கிடக்கிறது. தீராத கோரிக்கைகள் மிச்சமிருந்தால் மத்திய அரசு அதை எடுத்துக் கொடுக்கலாம்.